மூன்றாவது பொட்டலம்: பெருங்குடல் சோதனையும் நல்ல பாக்டீரியாக்களும்

சென்ற ஆண்டு பருவ விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மருத்துவமனையில் அப்பாவுக்குக் கொடுத்த தாள் அது. கொலோனோஸ்கோபி எனப்படும் பெருங்குடல் அகநோக்கிச் சோதனைக்கு முன் எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும், மருந்தை எப்படிக் கலக்கிக் குடிக்க வேண்டும் என்பன மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கங்களில் அச்சாகியிருந்தன. மூன்று வாரங்களாக அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை.

அப்பா லோரி ஓட்டுகிறார். மலாய் சரளமாகப் பேசுவார். ஆனால் இரண்டு பக்க மருத்துவக் குறிப்பைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும். "பாப்பா வந்தா படிச்சுச் சொல்லும்" என்று இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் இறுதியாண்டு. மூன்று மொழிகள் தெரிந்த, அதுவும் பாக்டீரியாவைப் பற்றியே படிக்கின்ற மகள் வீட்டில் இருக்கும்போது வேறு என்ன கவலை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சோதனை பாதியில் நின்றது. காரணம் நான். நான் எங்கே தவறினேன் என்பதையும், 'நல்ல பாக்டீரியா' எனப்படும் புரோபயோடிக் இந்தச் சோதனையின்போது எந்த அளவுக்கு உதவும், எந்த அளவுக்கு உதவாது என்பதையும் விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் பலருடைய பெற்றோர் ஐம்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். இத்தகைய தாள் ஒன்று உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

எதற்காக இந்தச் சோதனை?

நீரிழிவு மருந்து வாங்கச் சென்ற சுகாதாரக் கிளினிக்கில் அப்பாவிடம் ஒரு சிறு குப்பியைக் கொடுத்து மல மாதிரி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை அது. மலேசியச் சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் 2014ஆம் ஆண்டு முதல் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது செய்யப்பட்டு வருகிறது. அப்பாவின் மாதிரியில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்தது.

அப்படி முடிவு வந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. மூலநோய், குடல் அழற்சி போன்ற வேறு பல காரணங்களாலும் இரத்தம் கசியலாம். இம்முடிவு கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் உள்ளே பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியதன் அவசியமும் நமக்கு அதிகம். மலேசிய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயே என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கை காட்டுகிறது. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் அது இருக்கிறது. கண்டறியப்படும்போது பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் இது தடுக்கக்கூடிய ஒரு நோய். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்புகளும் புற்றாக மாறுவதில்லை. மாறக்கூடியவையும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் மெல்ல மாறுகின்றன. அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் ஆபத்து நீங்கும். நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் 1969ஆம் ஆண்டு, வளையும் அகநோக்கிக் குழாயின் வழியாகக் கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்தி, வயிற்றைத் திறக்காமலேயே பெருங்குடலின் உட்பகுதியிலிருந்த பாலிப்பை அகற்றினார்கள். இன்று உலகெங்கும் நடப்பது அதன் தொடர்ச்சிதான். ஏறத்தாழ விரல் பருமனுள்ள, நுனியில் கேமராவும் விளக்கும் பொருத்தப்பட்ட ஒரு குழாய், சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை உள்ளிருந்து பார்க்கிறது. பெரும்பாலும் அரை மணி நேர வேலை.

ஆனால் கேமரா சுவரைப் பார்க்க வேண்டுமானால், சுவர் தூய்மையாக இருக்க வேண்டும். நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

பொட்டலங்கள் செய்யும் வேலை

அப்பாவுக்கு மூன்று பொட்டலங்கள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரு லிட்டர் நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். முதல் நாள் மாலை இரண்டு. மூன்றாவது, சோதனை நாளன்று விடியற்காலை 4 மணிக்கு. சோதனை காலை 9 மணிக்கு.

பொட்டலத்தில் இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளும் சில உப்புகளும். இப்பொருளின் மூலக்கூறுகள் பெரியவை. குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்வதில்லை. மாறாக, அவை நீரைத் தம்முடன் பிடித்துவைத்துக்கொண்டு குடல் வழியே கீழே இறங்குகின்றன. உடலின் உப்புச் சமநிலை குலையாமல் இருப்பதற்காக உப்புகள் சேர்க்கப்படுகின்றன. சாதாரண பேதி மருந்து குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கும். இதுவோ ஒரு வாய்க்காலில் நீரைத் திறந்துவிட்டுக் கழுவுவதைப் போன்றது.

மாலையில் இரண்டு லிட்டரைக் குடித்து முடிப்பதற்குள் அப்பா களைத்துவிட்டார். உப்புக் கரிக்கும் அந்த நீரைக் குடிக்கக் குடிக்கக் குமட்டியது. இரவு பதினொரு மணிக்குள் பல முறை கழிவறைக்குப் போய்வந்துவிட்டார். "போதும் பாப்பா. வெறும் தண்ணியாத்தான் போவுது. இனி உள்ள என்ன இருக்கு?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை நான்கு மணிக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.

அத்தோடு, என் கையில் வேறொரு 'மருந்து' இருந்தது. மருந்தகத்தில் என் உதவித்தொகையில் வாங்கிவந்த ஒரு புட்டி புரோபயோடிக் கேப்சூல். கழுவப்பட்ட குடலுக்கு நல்ல பாக்டீரியா வேண்டும், அது செரிமானத்தைச் சீராக்கும், வயிறு உப்பாமல் பார்த்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் பெரிய விரிவுரையே ஆற்றியிருந்தேன். காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு இரண்டு கேப்சூல்களையும், பேரங்காடியில் வாங்கிய ஒரு சிறு புட்டிப் புளித்த பால் பானத்தையும் கொடுத்தேன். மூன்றாவது பொட்டலம் மேசையிலேயே கிடந்தது.

மருத்துவமனையில் தாதி முதலில் கேட்டதே, "கடைசியாக எப்போது, என்ன குடித்தீர்கள்?" என்பதுதான். நான் உண்மையைச் சொன்னேன். "பால் கலந்தது எதுவும் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கே, படிக்கலையாம்மா?" என்றார் அவர். மயக்க ஊசி போடும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. அதனால்தான் தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்வரை அனுமதிப்பவர்கள்கூடப் பாலை உணவாகவே கணக்கிட்டு 6 மணி நேர இடைவெளி கேட்கிறார்கள். அப்பாவின் முறை நண்பகலுக்குத் தள்ளிப்போனது.

அந்தத் தாமதமும் எங்களுக்கு எதிராகவே வேலை செய்தது. நாம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் உடல் சும்மா இருப்பதில்லை. பித்தநீரும் சிறுகுடலின் சுரப்புகளும் சளியும் இரவு முழுவதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்மம் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குள் வருகிறது. அது முதலில் வந்து சேரும் இடம் பெருங்குடலின் வலப்பகுதி. மாலையில் பளிச்சென்று கழுவப்பட்ட வலப்பகுதிச் சுவரில் காலைக்குள் ஒரு மஞ்சள் பூச்சு படிந்துவிடும். விடியற்காலைப் பொட்டலம் இருப்பது அந்தப் பூச்சைக் கழுவத்தான். ஆகவேதான் மருந்தை இரண்டாகப் பிரித்து, பிற்பாதியைச் சோதனைக்குச் சுமார் 4 முதல் 6 மணி நேரத்திற்கு முன் குடிக்கச் சொல்கிறார்கள்.

மருத்துவர் வெளியே வந்து சொன்னது சுருக்கமானது. இடப்பகுதி தெளிவாக இருக்கிறது. வலப்பகுதியில் எதுவும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடியும் வரவேண்டும்.

வீடு திரும்பும் வழியில் அப்பா நெடுநேரம் பேசவில்லை. சாலைக் கட்டணச் சாவடியைத் தாண்டியதும், "அப்ப உள்ள ஏதாச்சும் இருக்கா இல்லையானு தெரியாமலேயே இன்னும் ஆறு வாரமா பாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

புரோபயோடிக் என்பது என்ன?

அந்த ஆறு வாரங்களில்தான், நான் படிப்பதாகச் சொல்லிக்கொண்ட துறையை உண்மையாகப் படித்தேன்.

'நல்ல பாக்டீரியா' என்ற எண்ணம் நூறாண்டுக்கும் மேற்பட்டது. இலியா மெச்னிகோவ் என்ற அறிஞர் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பல்கேரிய நாட்டுப்புற மக்கள் புளித்த பால் உண்பதால்தான் நீண்ட ஆயுளுடன் வாழ்கிறார்கள் என்று அவர் கருதினார். பெருங்குடலில் நிகழும் அழுகலே முதுமைக்குக் காரணம் என்றும் அவர் நம்பினார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவ ஆய்வாளர் 1930இல் குடல்வரை உயிருடன் செல்லக்கூடிய ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார். அதைக்கொண்டு 1935இல் விற்பனைக்கு வந்ததுதான் யாகுல்ட்.

உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2001இல் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வரையறை தந்தது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலனுக்குப் பயன் தருகின்ற உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயோடிக் என்பது அதன் சாரம். இதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன: உயிருடன் இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், பயன் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை நம் சமையலறையில் பொருத்திப் பாருங்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பது பாக்டீரியாவே. ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடுகின்றன. இட்லி செரிமானத்திற்கு இதமான உணவு என்பதில் ஐயமில்லை, ஆனால் அது புரோபயோடிக் ஆகாது. தயிரிலும் மோரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. பாலைவிடத் தயிர் சிலருக்கு எளிதில் செரிப்பதற்கு அவையும் ஒரு காரணம். எனினும், வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை கோடி என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வகை என்பது இங்கே மிக முக்கியம். நாய் என்ற ஒரே இனத்தில் காவல் நாயும் உண்டு, மடியில் வைத்துக் கொஞ்சும் நாயும் உண்டு. பாக்டீரியாவிலும் ஒரே பெயருடைய இனத்துக்குள் பல உட்பிரிவுகள் இருக்கின்றன. ஓர் உட்பிரிவு ஒரு நோய்க்கு உதவியது என்றால், கடையில் இருக்கும் எல்லாப் புட்டிகளும் எல்லா நோய்க்கும் உதவும் என்று பொருளாகாது. நான் வாங்கிய புட்டியில் எந்த உட்பிரிவு இருந்தது என்பதை நான் வாங்கும்போது பார்க்கவே இல்லை.

சோதனைக்கு முன் உதவுமா?

மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சோதனைக்கு முன்பே சில நாள்கள் புரோபயோடிக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வொன்று கொரியாவில் நடந்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களுடைய குடல் ஓரளவு நன்றாகத் தூய்மையானது தெரியவந்தது. ஆனால் அவர்கள் அதைக் குடல் கழுவும் மருந்தோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல. மலச்சிக்கல் இல்லாதவர்களுக்கு இது தேவை என்பதற்குச் சான்று இல்லை.

நான் செய்ததோ இதற்கு நேர்மாறானது. கழுவ வேண்டிய நேரத்தில் குடியேற்றம் செய்யப் பார்த்தேன். பெருவெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும் வயலில் யாராவது நாற்று நடுவார்களா? ஒரு கேப்சூலில் பல நூறு கோடி பாக்டீரியா இருக்கலாம். ஆனால் சுவரில் படிந்த பித்தநீரைத் துடைப்பது பாக்டீரியாவின் வேலை அல்ல.

சோதனைக்கு முன் உண்மையிலேயே இதம் தருபவை மிகச் சாதாரணமானவை. இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே நார்ச்சத்தைக் குறைத்துக்கொண்டால் கழுவும் வேலை எளிதாகும். கீரை, பருப்பு, தேங்காய், கேழ்வரகு, கொய்யா, விதையுள்ள பழங்கள் ஆகியவற்றை அந்நாள்களில் ஒதுக்க வேண்டும். தாளிதத்தில் போடும் கடுகும் மிளகாய் விதையும்கூட வேண்டாம். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி ஆகியவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும். மருந்து குடிக்கும் நாளில் தெளிந்த நீர்மங்கள் மட்டுமே: வடிகட்டிய சூப், பால் கலக்காத தேநீர், இளநீர் போன்றவை. விருந்துகளில் நாம் விரும்பிக் குடிக்கும் சிவப்பு சிராப் கூடாது. அந்நிறம் குடலுக்குள் இரத்தம்போல் தோன்றலாம். நல்ல பாக்டீரியா இருக்கிறது என்பதற்காகப் பால் பானமும் கூடாது. அது தெளிந்த நீர்மம் அன்று.

மருந்து நீரைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழாய் வைத்து, கால் மணிக்கு ஒரு குவளை என்று குடித்தால் குமட்டல் குறையும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

சோதனைக்குப் பின் உதவுமா?

சோதனை முடிந்தவுடன் பலரும் கூறும் குறை வயிற்று உப்பசம். இதற்கும் பாக்டீரியா குறைவுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. மடிந்து கிடக்கும் குடலை விரித்துப் பார்ப்பதற்காக உள்ளே வாயு செலுத்தப்படுகிறது. சாதாரணக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அதைக் குடல் எளிதில் உறிஞ்சாது, வெளியேறும்வரை வயிறு உப்பியே இருக்கும். கார்பன் டைஆக்சைடு செலுத்தினால் குடற்சுவர் அதை விரைவாக உறிஞ்சி, இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கு அனுப்பிவிடும். நாம் மூச்சோடு வெளியே விட்டுவிடுவோம். அதனால் வலியும் உப்பசமும் குறைகின்றன. இன்று பல மருத்துவமனைகளில் இவ்வசதி இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

சரி, கழுவிச் சென்ற பாக்டீரியாக்களின் கதி என்ன? நம் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியா வாழ்வதாக 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் பெரும்பான்மை பெருங்குடலில்தான் இருக்கின்றன. 2015இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, நலமாக உள்ளவர்களுக்குக் குடல் கழுவும் மருந்து கொடுத்துப் பார்த்தது. பாக்டீரியாவின் அளவு 31இல் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆனால் 14 நாள்களுக்குள் அநேகமாகப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது, எந்தக் கேப்சூலும் இல்லாமல். இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது. மருந்தை ஒரே தடவையில் குடித்தவர்களைவிட இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்களின் பாக்டீரியாக் கூட்டம் குறைவாகவே குலைந்தது. ஆக, நான் தவிர்த்த அந்த நான்கு மணிப் பொட்டலம்தான் மருத்துவரின் பார்வைக்கும் ஏற்றது, அப்பாவின் நல்ல பாக்டீரியாவுக்கும் ஏற்றது.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு நேரடியாகவே இக்கேள்வியைக் கேட்டது. சோதனை முடிந்த சுமார் 320 பேரில் ஒரு பிரிவினருக்குப் புரோபயோடிக், மற்றப் பிரிவினருக்கு வெற்றுக் கேப்சூல். புரோபயோடிக் எடுத்தவர்களுக்கு வயிற்று வலி இருந்தது சராசரியாக 2 நாள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 2.8 நாள். வயிற்று உப்பசத்திலும், மலம் கழிக்கும் வழக்கம் திரும்புவதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, பயன் இருந்தது, ஆனால் சிறியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிலைய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எதிருயிரி மருந்து உட்கொண்டவர்களுக்குப் புரோபயோடிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்த பாக்டீரியாக் கூட்டம் திரும்பிவருவது தாமதமானது. குடல் கழுவுதலும் எதிருயிரி மருந்தும் ஒன்றல்ல. ஆயினும், புதிய குடியேறிகள் எப்போதும் பழைய குடிகளுக்கு உதவியாக இருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அது சான்று. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயோடிக்கைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. எதிருயிரி மருந்து எடுப்போருக்கு வரும் ஒருவகைத் தொற்றைத் தடுத்தல், குறைமாதக் குழந்தைகளின் குடல்நோயைத் தடுத்தல் போன்ற சில சூழல்களிலேயே குறிப்பிட்ட வகைகளை ஏற்றது.

நலமாக உள்ள ஒருவர் சோதனைக்குப் பின் சில நாள் புரோபயோடிக் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பணம் இல்லாதவர்கள் வாங்க முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். மெல்ல நடப்பது, வெட்கப்படாமல் வாயுவை வெளியேற்றுவது, நீர் அருந்துவது, முதல் வேளை இலேசாகச் சாப்பிடுவது ஆகியவையே பெரும்பாலோருக்குப் போதும். கடும் வயிற்று வலி, கல்போல் இறுகிய வயிறு, காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது உப்பசம் அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது முறை

ஆறு வாரம் கழித்து மீண்டும் அந்த நாள் வந்தது. இம்முறை வெள்ளைத் தாளை வரிக்கு வரி தமிழில் எழுதி, மணிக் கணக்கோடு அதே கதவில் ஒட்டினேன். எழுதும்போதுதான் என் முதல் மொழிபெயர்ப்பில் நான் விட்டவை தெரிந்தன. மலம் என்ற சொல்லை அப்பாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "வயிறு சுத்தமாகணும்பா" என்று மழுப்பியிருந்தேன். எந்த நிறத்தில் போகவேண்டும் என்று அந்தத் தாளில் தெளிவாக இருந்தது: இளமஞ்சளாக, அடியில் எதுவும் தங்காத தெளிந்த நீராக. அதை நான் சொல்லவும் இல்லை, அவர் காட்டவும் இல்லை. தந்தைக்கும் மகளுக்கும் இடையில் இருந்த வெட்கம்தான் அந்த வலப்பகுதிச் சுவரை முதலில் மறைத்தது என்று இப்போது எண்ணுகிறேன்.

அதிகாலை மூன்றே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அப்பா சமையலறை நாற்காலியில் அமர்ந்தார். அவர் ஒரு குவளை மருந்து குடிக்க, நான் எதிரே அமர்ந்து ஒரு குவளை பச்சைத் தண்ணீர் குடித்தேன். நான்காவது குவளையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு என்னா பாப்பா, உன் தண்ணியில உப்பு இல்லயே" என்றார். ஐந்தரை மணிக்குக் கழிவறையிலிருந்து, "வந்து பாக்குறியா, உன் தாள்ல போட்ட மாரியே இருக்கு" என்று அவரே கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன்.

சோதனை முழுமையாக நடந்தது. பெருங்குடலின் வலப்பகுதியில், முதல் முறை எதுவும் தெரியாமல் போன அதே பகுதியில், இரண்டு பாலிப்புகள் இருந்தன. இரண்டையும் அங்கேயே அகற்றினார்கள். ஆய்வுக்கூட முடிவு சில வாரங்களில் வந்தது: அடினோமா, புற்றுநோயாக மாறக்கூடிய வகை, இன்னும் மாறவில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

மீதமிருந்த கேப்சூல்களை அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அம்மாவின் மோரைக் குடித்தார். மூன்றாம் நாள் எல்லாம் வழக்கத்திற்குத் திரும்பியது. மோரால்தான் என்று அம்மா சொல்கிறார். மோர் இல்லாமலும் திரும்பியிருக்கும் என்று நான் இப்போது அறிவேன். ஆனால் அதை அவரிடம் வாதாடவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பங்களில் மருத்துவத் தாளைப் படிக்கக்கூடிய முதல் தலைமுறையினர். மூன்று மொழிகள் தெரியும் என்பதாலேயே வீட்டில் நம்மை நம்புகிறார்கள். நாம் பட்டம் பெறும் துறையின் பெயரைக் கேட்டு இன்னும் அதிகமாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்ய வேண்டியது, தாளை முழுமையாகப் படிப்பது, கூச்சமின்றித் தமிழில் சொல்வது, தெரியாததைத் தாதியிடம் கேட்பது. கடையில் வாங்கும் புட்டி அதற்கு ஈடாகாது. உங்கள் பெற்றோர் ஐம்பதைக் கடந்திருந்தால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அந்தச் சிறு குப்பிப் பரிசோதனையைச் செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், ஐம்பது வயதுவரை காத்திராமல் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நான் தமிழில் எழுதிய தாள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவோடு லோரி ஓட்டும் நண்பர் ஒருவருக்கும் அதே பரிசோதனையில் இரத்தம் தெரிந்ததாம். அப்பா அதைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது மூன்றாவது பொட்டலம் என்று எழுதிய வரியின் கீழே அவரே பேனாவால் இரண்டு கோடு போட்டாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார்.